அடுத்த ஆண்டுக்கும் ஒரு திருக்கணிதம்

(2025 டிசம்பர் 28, ஞாயிறு மாலை, நூலக அரங்கில் நிகழ்த்திய ஆண்டிறுதிச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“2026 எப்படி இருக்கும்?” என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு அம்மா கேட்டார்: “சார், மத்ததெல்லாம் இருக்கட்டும். தங்கம் இறங்குமா, ஏறுமா? ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம்.” இந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி சென்னையில் ஒரு சவரன் 57,000 ரூபாயை ஒட்டி இருந்தது. இந்த மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சென்ற டிசம்பரில் நான் படித்த எந்தக் கட்டுரையும் இப்படி ஆகும் என்று எச்சரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியேதான் இந்த உரையை எழுதினேன். பதிலை முடிவுக்குச் சற்று முன்னால் சொல்கிறேன்.

என் சின்ன வயதில், சித்திரை முதல் நாள் மாலை எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் பானகத்துக்காகப் போவோம். பெரியவர்கள் கேட்கப் போவார்கள். இந்த ஆண்டுக்கு ராஜா எந்தக் கிரகம், மந்திரி எது, சேனாதிபதி எது, அர்க்காதிபதி, மேகாதிபதி, சஸ்யாதிபதி யார் யார் என்று ஒன்பது பொறுப்புகளையும் வரிசையாகச் சொல்வார்கள். அர்க்கம் என்றால் விலை. சஸ்யம் என்றால் பயிர். பிறகு இத்தனை மரக்கால் மழை என்பார்கள். என் அப்பா மூன்று மா நிலம் வைத்திருந்த விவசாயி. ராஜாவும் மந்திரியும் வரும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார். மேகாதிபதி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்.

பிற்காலத்தில் பொருளாதாரம் படித்து, முப்பது ஆண்டுகள் கல்லூரியில் அதைக் கற்பித்தபோது ஒன்று புரிந்தது. ஆட்சி, போர், விலைவாசி, மழை, விளைச்சல். இன்று பன்னாட்டு நிதியமும் ரிசர்வ் வங்கியும் ஆண்டுக் கணிப்பு என்று வெளியிடும் அறிக்கைகளின் தலைப்புகளும் இவைதாம். மனிதனுக்கு வருகிற ஆண்டைப் பற்றி அன்றும் இன்றும் ஒரே கேள்விகள்தாம்.

அதே பஞ்சாங்கத்தில் இன்னொரு பக்கமும் உண்டு: கிரகணப் பக்கம். வரும் மார்ச் 3ஆம் தேதி முழுச் சந்திர கிரகணம். நம் ஊரில் அன்று மாலை நிலா எழும்போதே கிரகணம் பிடித்த நிலாவாக எழும். ஆகஸ்ட் 12ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். அது நமக்குத் தெரியாது, ஐஸ்லாந்திலும் ஸ்பெயினிலும் தெரியும். நிமிடக் கணக்கில் இது பிசகாது. ஒரே புத்தகம், ஒரே மை, ஒரே எழுத்து. ஒரு பக்கம் பிசகாத கணக்கு. மறுபக்கம், ஆண்டு முடிந்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத பலன். எது எந்தப் பக்கம் என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை.

கிரகணக் கணக்கும் தொடக்கம் முதலே இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. பழைய வாக்கியங்களைக் கொண்டு கணித்த பஞ்சாங்கத்தில் சூத்திரத்தின் சிறு பிழை ஆண்டுக்காண்டு சேர்ந்து, நூற்றாண்டுகள் போகப் போகக் கணக்கு வானத்தை விட்டு விலகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வானாய்வு நிலையத்தில் சிந்தாமணி ரகுநாதாசாரி என்று ஒருவர் பணிபுரிந்தார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பற்றி நம் மக்களுக்குப் புரியும்படி சிறு நூல் எழுதியவர். தொலைநோக்கியில் கண்டதோடு பஞ்சாங்கத்தை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்று அவர் வாதாடினார். அப்படித் திருத்திய பஞ்சாங்கத்தை வெளியிடவும் செய்தார். திருக்கணிதம் என்கிறோமே, அதில் உள்ள ‘திருக்’ என்பது பார்வையைக் குறிக்கும் வடசொல். கண்ணால் கண்டதோடு ஒத்துவரும் கணிதம் என்று பொருள்.

எனக்கு இன்று சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். வானத்துக்கு நம் முன்னோர் செய்த திருத்தத்தை அரசியலுக்கும் பொருளாதாரத்துக்கும் நாம் இன்னும் செய்யவில்லை. ஆண்டுதோறும் பலன் சொல்கிறோம். சென்ற ஆண்டுப் பலனை எடுத்து, நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

முதலில், 2026இல் கிரகணப் பக்கத்தைச் சேர்ந்தவை எவை என்று பார்ப்போம். நம் சட்டமன்றத்தின் காலம் மே 10ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். கேரளம், மேற்கு வங்கம், அசாம், புதுச்சேரி ஆகியவற்றுக்கும் அதே பருவம். ஏப்ரல் 1 முதல் பதினாறாவது நிதிக் குழுவின் பரிந்துரைக் காலம் தொடங்கும். மாநிலங்களுக்கு எவ்வளவு வரிப்பங்கு என்ற நெடுநாள் வழக்குக்கு ஐந்தாண்டு விடை அதில்தான் இருக்கிறது. நவம்பர் 3 அன்று அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல். இவற்றுக்குக் கணிப்பு வேண்டாம், நாட்காட்டி போதும்.

நாட்காட்டியில் இல்லாத கிரகணங்களும் உண்டு. கூட்டல் கழித்தலில் மட்டும் தெரிபவை அவை. ஒன்றைச் சொல்கிறேன். சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு இம்மாதம் 19ஆம் தேதி தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானது. 6.41 கோடியாக இருந்த பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. மிச்சம் 5.43 கோடி. 2021 சட்டமன்றத் தேர்தலில் சுமார் 4.6 கோடிப் பேர் வாக்களித்தார்கள். அன்றைய பட்டியலுக்கு அது 73 சதவீதம். வரும் தேர்தலில் அதே 4.6 கோடிப் பேர் வந்தாலும், ஒருவர்கூடக் கூடுதலாக வராவிட்டாலும், வகுக்கும் எண் சுருங்கிவிட்டதால் சதவீதம் தானாக ஏறும். விடுபட்டவர்களில் முப்பது லட்சம் பேர் திரும்பச் சேர்ந்தாலும் அது எண்பதைத் தொடும். அன்று இரவு தொலைக்காட்சிகளில் ‘வரலாறு காணாத வாக்குப்பதிவு’ என்பார்கள். எழுச்சி அலை என்பார் ஒருவர், ஆட்சிக்கு எதிரான கோபம் என்பார் இன்னொருவர். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு வகுத்தல் கணக்கிலிருந்து வந்தது என்பதை இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீக்கப்பட்டவர்களில் உயிரோடு, அதே முகவரியில் இருக்கிறவர் ஒருவராவது இருந்தால் அது கணக்கைவிடப் பெரிய விஷயம். நூலகத்தை விட்டுப் போகும்போது உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

விலைவாசியிலும் இதே போல ஒன்று இருக்கிறது. அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம். இந்தப் புள்ளிவிவர வரிசை தொடங்கியதிலிருந்து இவ்வளவு தாழ்ந்ததில்லை. வரும் அக்டோபரில் விலைகளை இந்த அக்டோபரோடுதான் ஒப்பிடுவார்கள். தாழ்ந்த தரையிலிருந்து அளந்தால் சாதாரண ஏற்றமும் பெரிதாகத் தெரியும். ‘பணவீக்கம் பல மடங்கு உயர்வு’ என்ற தலைப்பை இப்போதே அச்சுக் கோத்து வைக்கலாம்.

இப்படிக் கணக்குப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும், ஆனால் பார்க்க மனமில்லாமல் விட்டுவிட்டால் ஒரு நாடே எப்படித் துன்பப்படும் என்பதற்கு நமக்கு மிக அருகில் ஒரு சான்று இருக்கிறது. இலங்கை. 2019 இறுதியில் அங்கே மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8ஆகக் குறைத்தார்கள். கருவூலத்துக்கு வரும் பணம் சுருங்கியது. அதே ஆண்டு ஈஸ்டர் குண்டுவெடிப்புகளும் அடுத்த ஆண்டு கொரோனாவும் சுற்றுலா வருமானத்தை அடித்துப் போயின. 2021இல் இரசாயன உரம் இறக்குமதிக்குத் தடை வந்தது. நெல்லும் தேயிலையும் விழுந்தன. 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2021 முடிவில் 310 கோடிக்கு வந்தது. அதிலும் பாதியளவு, சீனாவுடன் செய்த நாணய மாற்று ஏற்பாட்டில் வந்தது. விருப்பப்படி எடுத்துச் செலவழிக்கக்கூடியதன்று. எதிரே நின்ற கடன்களோ தேதியோடு நின்றன: 2022 ஜனவரியில் 50 கோடி டாலர், ஜூலையில் 100 கோடி டாலர். கடன் பத்திரத்தில் தேதி அச்சிட்டே இருக்கும். கிரகணப் பட்டியல் போலத்தான். தர நிர்ணய நிறுவனங்கள் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்தன. 2021 அக்டோபரில் மத்திய வங்கி ஆறு மாதத் திட்ட வரைபடம் ஒன்றை வெளியிட்டு, எல்லாம் சீராகும் என்றது. ஆறு மாதம் கழித்து, 2022 ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. எரிவாயு உருளைக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற மக்களைப் பார்த்தோம்.

இது பொருளாதாரப் பக்கம். அரசியல் பக்கத்துக்கு வாருங்கள். 2019 நவம்பரில் 52 சதவீத வாக்குகளோடு வென்ற அதிபர், 2022 ஜூலை 13 விடியற்காலை நாட்டை விட்டு வெளியேறுவார் என்று 2021 டிசம்பரில் எவராவது எழுதியிருந்தாரா? கடன் முறியும் என்று கணக்குப் போட்டவர்கள்கூட அதை எழுதவில்லை. அடுத்ததையும் கேளுங்கள். 2019 அதிபர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 3 சதவீதச் சொச்சம். 2024 செப்டம்பரில் முதல் சுற்று எண்ணிக்கையில் 42 சதவீதம் பெற்று, விருப்பு வாக்குகளையும் எண்ணிய பின் அதிபரானார். இரண்டு மாதத்தில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் மூன்று இடம் வைத்திருந்த அவருடைய கூட்டணி 225இல் 159 இடங்களைப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றும் அவர்களுக்கே. ஈழத்து அரசியலை வாழ்நாள் முழுவதும் எழுதிவந்த என் நண்பர்கள் சிலர் முடிவு வந்த இரவு அதை நம்பாமல் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

ஆக, கணக்கால் வரக்கூடிய நெருக்கடி முன்பே தெரியலாம். அந்த நெருக்கடியில் மக்கள் என்ன செய்வார்கள், யாரைத் தேடிப் போவார்கள் என்பது கணக்கில் வராது. இந்த இரண்டையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

நம் ஊர்க் கதைக்கே வருவோம். 1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டில் தி.மு.க.–காங்கிரஸ் அணிக்கு 39இல் 37. அ.தி.மு.க.வுக்கு கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். எம்.ஜி.ஆர். முடிந்துபோனார் என்று தேநீர்க் கடை முதல் டெல்லி வரை எல்லோரும் தீர்ப்பு எழுதினார்கள். பிப்ரவரியில் அவருடைய ஆட்சியைக் கலைத்தார்கள். மே இறுதியில் சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க. 129 இடங்களோடு திரும்பி வந்தது. அதே மக்கள், அதே ஊர்கள், ஐந்தே மாதம். டெல்லிக்கு ஒரு கணக்கும் கோட்டைக்கு ஒரு கணக்கும் வாக்காளர் மனத்தில் தனித்தனியே இருந்தன. கடைசித் தேர்தலை நீட்டிக் கோடு போட்டவர்கள் அதைப் பார்க்கவில்லை.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பர் கடைசி வாரத்தில், சென்னை வெள்ளம் வடிந்த பிறகு, வரும் ஆண்டுக்கான என் கணிப்புகளை நாட்குறிப்பில் எழுதினேன். அந்த நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது, இன்று கொண்டுவந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஆட்சி மாறும் என்று எழுதியிருக்கிறேன். 1989 முதல் ஒருமுறை இவர், ஒருமுறை அவர் என்று மாறி மாறி வந்ததுதான் எனக்கு ஆதாரம். 2016 மே மாதம் ஆட்சி மாறவில்லை. இரு அணிகளுக்கும் இடையே வாக்குகளில் ஏறத்தாழ ஒரு சதவீத இடைவெளியில் அந்த வழக்கம் உடைந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்கும் என்றேன். வெளியேறுவது என்று அங்கே மக்கள் வாக்களித்தார்கள். ஹிலாரி கிளிண்டன் அதிபர் ஆவார் என்றேன். ஆகவில்லை. ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கியில் தொடர்வார் என்றேன். செப்டம்பரில் விடைபெற்றார். கச்சா எண்ணெய் விலை ஏறும் என்று எழுதியது மட்டும் பலித்தது. நிலத்தடி நீர் பெருகியிருக்கிறது, 2016 டெல்டாவுக்கு நல்ல ஆண்டு என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. கருகிய பயிரைப் பார்த்து உயிர் விட்ட விவசாயிகளின் ஆண்டு அது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனதும், டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா மறைந்ததும் என் பட்டியலில் கிடையாது. ஆண்டின் இரண்டு மிகப் பெரிய நிகழ்வுகள் கேள்வியாகக்கூட எழவில்லை.

அந்தப் பட்டியலைத் திரும்பப் படித்ததில் மூன்று பிழைகள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, எதற்கும் எண் போடவில்லை. ‘ஆட்சி மாறும்’ என்றால் நூற்றுக்கு அறுபதா, தொண்ணூற்றைந்தா? இரண்டு, கடந்த ஆண்டின் உணர்ச்சியை வரும் ஆண்டுக்குக் கொண்டுபோனேன். வெள்ளத்தில் நனைந்த கண்ணால் வறட்சியைப் பார்க்க முடியாது. மூன்றாவதுதான் பெரியது: நான் கேட்ட கேள்விகள் எல்லாம் எல்லோரும் அந்த வாரம் பேசிக்கொண்டிருந்த கேள்விகள்.

இந்தப் பிழைகள் எனக்கு மட்டும் உரியவை இல்லை. பிலிப் டெட்லாக் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், 284 அரசியல், பொருளாதார வல்லுநர்களிடம் கணிப்புகளை வாங்கி, எண்ணோடு எழுதி வைத்து, நடந்ததோடு ஒப்பிட்டார். 2005இல் நூலாக வந்தது. ‘இருப்பது அப்படியே தொடரும்’ என்ற எளிய விதியைவிடச் சிறப்பாக அவர்களில் பலர் சொல்லவில்லை. எவருக்கு ஊடகங்களில் புகழ் அதிகமோ அவர் பிசகியதும் அதிகம். ஒரே பெரிய கொள்கையைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்கியவர்கள் மோசமாகத் தோற்றார்கள். பல இடங்களில் விசாரித்து, சந்தேகப்பட்டு, சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டவர்கள் ஓரளவு தேறினார்கள். நல்ல நெல் வியாபாரி விலை பேசும் முறை இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

கணிப்புப் பிசகினால் யார் இழக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஜூன் 1 மாலை வந்த வாக்குக்கணிப்புகளில் பல, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. 3ஆம் தேதி திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,500 புள்ளிகள் ஏறியது. 4ஆம் தேதி வாக்கு எண்ணினார்கள், கூட்டணிக்கு 293. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 4,390 புள்ளிகள் விழுந்தது. திங்கட்கிழமை வாங்கிய சிறு முதலீட்டாளரின் சேமிப்பு செவ்வாய்க்கிழமை கரைந்தது. கணித்தவர்கள் அடுத்த தேர்தலுக்கும் அதே திரையில் வந்து அமர்கிறார்கள்.

இந்த நாட்டில் கணிப்பை நேர்மையாகச் செய்யும் இடம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் வானிலைத் துறையைச் சொல்வேன். 1876–78 பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் மாண்ட பிறகு, அந்தத் துறையின் ஹென்றி பிளான்போர்டு இமயத்தின் பனியளவை வைத்துப் பருவமழையைச் சொல்ல முயன்றார். 1886இல் முறையான முதல் பருவக் கணிப்பு வெளிவந்தது. பின்னர் 1904 முதல் இருபது ஆண்டுகள் அந்தத் துறையை நடத்திய கணிதவியலர் கில்பர்ட் வாக்கர், பசிபிக் கடலின் காற்றழுத்தமும் நம் கடலின் காற்றழுத்தமும் தராசுத் தட்டுகள் போல ஏறி இறங்குவதைக் கண்டார். இன்று எல் நினோ என்று பேசுகிறோமே, அதற்கு அடிப்படைகளில் ஒன்று நம் பருவமழையைக் கணிக்க எடுத்த இந்த முயற்சி. 140 ஆண்டுகளாகத் துறை கணிக்கிறது, தவறுகிறது, திருத்துகிறது. 2009 ஏப்ரலில் 96 சதவீத மழை என்றார்கள், பெய்தது 78. அதை மறைக்க முடியாது, எல்லோருக்கும் தெரியும் எண் அது. அதன் பிறகு புதிய கணினி மாதிரிகளில் பணமும் உழைப்பும் இறங்கின. 2023இல் சொன்னது 96, பெய்தது 94. 2024இல் 106, பெய்தது 108. இந்த ஆண்டு 105, பெய்தது 108. ஏப்ரல் கணிப்போடு ‘ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ பிசகலாம்’ என்று அவர்களே சேர்த்து அச்சிடுகிறார்கள். நம் அரசியல் விமர்சகர்களில் ஒருவராவது தம் பேச்சோடு இப்படி ஒரு வரி சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

ரிசர்வ் வங்கி பாதித் தூரம் வந்திருக்கிறது. 2022 பிப்ரவரி 10 அன்று, வரும் நிதியாண்டில் பணவீக்கம் 4.5 சதவீதம் என்று அது கணித்தது. இரண்டே வாரத்தில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. எண்ணெயும் கோதுமையும் சூரியகாந்தி எண்ணெயும் எகிறின. ஆண்டு சராசரி 6.7இல் முடிந்தது. போரைக் கணிக்காததற்காக வங்கியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் வரம்பு மீறினால் ஏன் என்று அரசுக்கு விளக்கம் எழுத வேண்டும் என்பது சட்டம். 2022 நவம்பரில் கூடி அந்தக் கடிதத்தை எழுதினார்கள். அரசு அதை மக்கள் முன் வைக்கவில்லை. வெளியிடச் சட்டத்தில் இடமில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. இங்கிலாந்தில் இதே போன்ற கடிதத்தை அன்றே வெளியிடுகிறார்கள். நம் அரசு அதை வெளியிடாதது தவறு என்பது என் கருத்து. வீட்டுக்கடன் தவணை கட்டுகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கடிதத்தைப் படிக்க உரிமை உண்டு. கணிப்புப் பிசகியதைவிட, பிசகியதன் காரணத்தைப் பூட்டி வைப்பதே பெரிய குற்றம்.

இப்போது தெருவில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். திருப்பூரிலிருந்து தொடங்குவது நல்லது. சென்ற டிசம்பருக்குள் டிரம்ப் வென்றுவிட்டார், வரி போடுவேன் என்று சொல்லியும் விட்டார். திசை தெரிந்த காற்றுதான் அது. சீனாவுக்குத்தான் அடி, அந்த ஆர்டர்கள் நமக்கு வரும் என்று எல்லோரும் மகிழ்ந்திருந்தோம். ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே நான் பேசிப் பார்த்த சிறு உற்பத்தியாளர்கள் இருவர். ஒருவருக்கு அமெரிக்காவில் ஒரே வாடிக்கையாளர். செப்டம்பரில் இரவு ஷிப்டை நிறுத்திவிட்டார். இன்னொருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பாதி வேலையை ஐரோப்பாவுக்கு மாற்றியிருந்தார். வரி வரும் என்று அவர் கணித்தாரா என்று கேட்டேன். “இல்லீங்க, ஒரே ஆளை நம்பியிருந்தா தூக்கம் வராது, அவ்வளவுதான்” என்றார்.

அந்த அம்மாவுக்கும் இதையே சொன்னேன். தங்கம் ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியாது. ஏறினாலும் இறங்கினாலும் உங்களைக் கவிழ்க்காத வழி ஒன்று உண்டு. வேண்டிய சவரனை ஜனவரி முதல் ஆவணி வரை மாதாமாதம் பிரித்து வாங்குங்கள். கடன் வாங்கி ஒரே நாளில் வாங்காதீர்கள். இறங்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

சொன்னதைச் செய்துகாட்ட வேண்டும் அல்லவா? 2026க்கு என் கணிப்புகளை எண்ணோடு எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுத் தேர்தலில் வாக்குப்பதிவு 78 சதவீதத்தைத் தாண்டும்: நூற்றுக்கு 85. அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் இந்த அக்டோபரைவிட அதிகமாக இருக்கும்: நூற்றுக்கு 95. இப்போது 5.25 சதவீதமாக உள்ள ரெப்போ வட்டி, ஆண்டு முடிவில் 5.5ஐத் தாண்டாது: நூற்றுக்கு 80. இந்திய ஆடைகள் மீதான அமெரிக்க வரி தீபாவளிக்குள் 50 சதவீதத்துக்குக் கீழே வரும்: நூற்றுக்கு 65. அதற்குமேல் போட எனக்குத் துணிவில்லை. முடிவு ஒரு மனிதரின் மனத்திலும் அந்த வரியை விசாரிக்கும் ஒரு அமெரிக்க நீதிமன்றத்தின் தீர்ப்பிலும் இருக்கிறது. ஐந்தாவது, இந்த நான்கிலும் இல்லாத, இன்று இந்த அரங்கில் யாரும் பேசாத ஏதோ ஒன்றுதான் ஆண்டின் மிகப் பெரிய செய்தியாக இருக்கும்: நூற்றுக்கு 75.

யார் ஆட்சி அமைப்பார் என்று கேட்கிறீர்கள், கண்களில் தெரிகிறது. எண் சொல்ல என்னிடம் அடிப்படை இல்லை. 2024இல் தொடங்கிய தமிழக வெற்றிக் கழகம் இதுவரை ஒரு பொதுத்தேர்தலிலும் அளக்கப்படவில்லை. 2006இல் தே.மு.தி.க. தன் முதல் தேர்தலில் 8 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் பெற்றது. கிடைத்தது விருத்தாசலம் ஒன்றுதான். வாக்கு இடமாக மாறும் வழி அவ்வளவு வளைந்தது. அளக்காத ஒன்றை வைத்து, தொகுதி எண்ணிக்கையை ஒற்றை இலக்கம் வரை சொல்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 2021க்கு, 2024க்கு என்ன சொன்னீர்கள், காட்டுங்கள்.

பத்திரிகை ஆசிரியர்கள் இருவர் முன் வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தாண்டு மலரில் 2026 பலன் போடுங்கள். அதற்கு முந்தைய பக்கத்தில், உங்கள் இதழில் சென்ற ஆண்டு வந்த கணிப்புகளையும் நடந்ததையும் எதிரெதிரே அச்சிடுங்கள்.

என் தாளின் ஒரு படியைக் கையெழுத்திட்டு நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். 2026 டிசம்பர் 27 ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை ஆறு மணிக்கு, 2027 பற்றி ஒரு சொல் பேசுவதற்கு முன்னால், அந்த ஐந்து வரிகளையும் இந்த மேடையில் உரக்கப் படிப்போம். நீங்களும் ஆளுக்கொரு தாள் எழுதி, எண் போட்டு, எடுத்துக்கொண்டு வாருங்கள்.